ஏழு சொல்லாத மூக்கு

எங்கள் கல்லூரியின் உளவியல் துறைக்கு இப்போது மூன்று மாடிக் கட்டடம். வாசலில் பளிங்குப் பலகை. அதில் துறையைத் தோற்றுவித்தவர் என்று ஒருவர், வளர்த்தெடுத்தவர் என்று இன்னொருவர். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற டைப்பிஸ்டுக்குக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும் என்று நினைத்திருக்கிறார்கள், போட்டார்கள். மேடை ஏறியவர்கள் ஒருவர் விடாமல் தியாகம், தியாகம் என்று வாய் கூசாமல் பேசினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொடுத்த பிஸ்கட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தத் துறை எப்படித் தனியாகப் பிரிந்தது, எதன் மேல் ஏறி நின்று கூரையைத் தொட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிரிவதற்கு முன்பும் பின்பும் அங்கே நடந்த கூட்டங்களுக்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து டைப் அடித்தவள் நான்தான். அவர்கள் ஏறி நின்றது ஒரு பெண்ணின் மூக்கின் மேல். கல்லூரி முழுக்க அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பளிங்கில் அவளுக்கு இடமில்லை. போகட்டும், இந்தக் காகிதத்திலாவது இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது உளவியல் துறை என்று ஒன்று கிடையாது. இருந்தது தத்துவத் துறை. தரைத்தளத்தில், தாழ்வாரத்தின் கோடியில், கழிவறைக்கு முந்தின நீள அறை. மனம் என்பது தத்துவம் படிப்பவர்களுக்குக் கடைசி வருடத்தில் வருகிற ஒரு பாடம், அவ்வளவுதான். அதைத் துறைத் தலைவரே நடத்துவார். சாய்வு நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள பாருங்க, மனசு தெரியும்" என்பார். மாணவர்களும் கண்ணை மூடுவார்கள். சற்று நேரத்தில் பின் வரிசையிலிருந்து குறட்டை வரும். அவருக்கு மாணவர்கள் சாய்வு நாற்காலி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மேல்படிப்புக்குக் கப்பலேறிப் போயிருந்த பேராசிரியர் ஒருவர் அந்த வருடம் திரும்பி வந்தார். கூடவே மரப்பெட்டிகள் வந்தன. பிரித்தால் எல்லாம் பித்தளை. இசைக்கவைகள், ஊசல், நொடியை நூறாக நறுக்கிக் காட்டும் கடிகாரம், புகை பூசிய காகிதம் சுற்றிய உருளை. மணி அடித்ததும் ஒருவன் எவ்வளவு சீக்கிரம் விரலை அசைக்கிறான் என்று அவற்றில் அளப்பார். மனதை அளக்கலாம், அளக்க முடிந்தால் அது அறிவியல், அறிவியல் என்றால் தனித் துறை வேண்டும், தனித் துறை என்றால் தனித் தலைவர் வேண்டும் என்று அவருடைய யோசனை படிப்படியாக ஏறிப் போய்க் கடைசியில் அவரிடமே வந்து நிற்கும். அவருக்குப் பித்தளை என்று பெயர் வைத்தார்கள்.

"விரலை அளந்துட்டீங்க, சரி. மனசு எங்க இருக்கு அதுல?" என்பார் சாய்வு நாற்காலி.

"கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கறதுல மட்டும் இருக்குதா?" என்பார் பித்தளை.

அன்றிலிருந்து அந்த அறையில் நிம்மதி போயிற்று. முதலில் நடுவில் ஒரு பச்சைத் திரை வந்தது. பிறகு பலகைத் தடுப்பு வந்தது. தடுப்பின் இரு பக்கமும் மெத்தப் படித்தவர்கள் பலகையில் காதை வைத்துக்கொண்டு, மறுபக்கம் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டார்கள். மனதை ஆராய்கிறவர்களின் லட்சணம் அது.

தனித் துறை வேண்டுமானால் வேறு எவரும் செய்யாத ஆராய்ச்சி ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட வேண்டும். பார்வை, கேட்டல், தொடுதல் எல்லாவற்றையும் மற்ற ஊர்க்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நெரிசலான பேருந்தில் ஏறியவரைப் போலப் பித்தளை சுற்றுமுற்றும் தேடினார். அருவருப்பு காலியாக இருந்தது. துண்டைப் போட்டுவிட்டார்.

கண்ணாடிப் புட்டிகளில் சேர்க்க ஆரம்பித்தார். அழுகின முட்டை, திரிந்து நாட்பட்ட பால், வெயிலில் வைத்த மீன் குடல், மருத்துவமனையிலிருந்து சீழ் துடைத்த பஞ்சு. மாணவர் விடுதியிலிருந்து ஒரு காலுறை. யாருடையது என்று சொல்ல மாட்டேன், அவர் பிற்பாடு துணைவேந்தர் ஆனார். மாணவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைத் துணியால் கட்டி, மூக்கருகே புட்டியைத் திறப்பார். பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மீதிப் பேர் மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு, அவர் எதைக் கேட்க விரும்பினாரோ அதையே சொன்னார்கள். எனக்கு வாந்தி எடுத்தவர்கள் மேல்தான் மரியாதை.

மூக்கக்கா அப்போது துறைக்குத் தண்ணீர் பிடித்து வைத்து, டீ போட்டுக் கொடுக்கிற தினக்கூலி ஆள். அதற்கு முன் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் சோப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். கணவர் பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் பெயின்டர். குழாயில் பெயின்டைப் பீய்ச்சிப் பீய்ச்சி அவருடைய நெஞ்சுக்குள்ளும் ஒரு பூச்சு ஏறியிருந்தது. இருமல் பிடித்தால் லேசில் விடாது. ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். கல்லூரியில் நிரந்தர ஊழியர் ஆகிவிட்டால் குடும்பத்துக்கு ஊழியர் மருத்துவமனையில் காட்ட ஒரு அட்டை தருவார்கள். அந்த அட்டை வந்துவிட்டால் கணவரின் நெஞ்சை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம்.

ஒரு நாள் மாணவன் ஒருவன் எடுத்த வாந்தியைத் துடைக்க வாளியோடு வந்தாள். பித்தளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்குக் குமட்டலையாம்மா?"

"குமட்டுது சார். அதுக்காக ஓடிட்டா யார் துடைக்கிறது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதில்தான் அவளுக்கு வினையாயிற்று. வாளியைக் கீழே வைக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, ஒரு புட்டியைத் திறந்தார்.

"என்ன தோணுது?"

"அழுகின முட்டை சார்."

"பொருளைச் சொல்லாதம்மா! முட்டை வெளிய உலகத்துல இருக்கு. அது எனக்கு வேணாம். உனக்குள்ள என்ன நடக்குது, அதை மட்டும் சொல்லு."

அந்த ஆய்வுக்கூடத்தின் சட்டமே அதுதான். முட்டை என்றோ மீன் என்றோ பொருளின் பெயர் வாயில் வந்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும், கடைசியில் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் ஒன்றுமில்லை. ஏழு என்றால் அதற்கு மேல் அருவருப்பு என்பதே கிடையாது. இதைப் பழகப் படித்தவர்களுக்கே நாளாகும் என்றார்கள். அக்காவுக்கும் நாளாயிற்று. பிறகு, கண்ணைக் கட்டிவிட்டால் அவள் குரலே மாறிவிடும். "தொண்டைக்குழியில ஒரு இறுக்கம். நாக்கோட பின்பக்கம் தண்ணி ஊறுது. வயித்துல புரட்டல், வந்து வந்து போகுது. விருப்பமில்லை. அஞ்சு" என்பாள். எனக்கு அதைக் கேட்கவே அருவருப்பாக இருக்கும். வயிற்றுப்பாட்டுக்காக ஒருத்தி தன் வயிற்றுப் புரட்டலை எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவரில் பேருந்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், பாதி சிவப்பு, பாதி மஞ்சள். கணவர் என்னிடம் புகார் சொல்வார். "டீ எப்படி இருக்குன்னு கேட்டா, முதல்ல சூடு, அப்புறம் நாக்கு ஓரத்துல ஒரு இழுப்பு, ரெண்டுன்னு சொல்றாம்மா. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லித் தொலையேன்னா, அது பொருளைப் பத்தின பேச்சாம்!" சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "பேசாம குடிங்க" என்பாள்.

அவளிடம் ஒரு குணம். இன்றைக்கு நான்கு என்று சொன்ன புட்டிக்கு அடுத்த மாதமும் நான்குதான் சொல்வாள். பித்தளை சிரித்துப் பேசிக் கேட்டாலும் நான்கு, எரிந்து விழுந்து கேட்டாலும் நான்கு. அவருக்கு அதில் ஒரே ஒரு குறை. அக்கா ஒரு முறைகூட ஏழு சொன்னதில்லை. எண்களை வைத்து அவர் வரைந்த கோடு ஆறில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஏழு வேண்டும் என்று அவர் செய்த காரியங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. செத்த எலியை வாளியில் போட்டு, மூடி, கோடை முழுக்க ஜன்னலோரம் வைத்திருந்தார். அதைத் திறந்த அன்று நான் கதவுக்கு வெளியே இருந்த டீத் தட்டிலேயே வாந்தி எடுத்தேன். கட்டிய துணிக்கு அடியிலிருந்து அக்காவுக்குக் கண்ணீர் வழிந்தது. உதடு வெளுத்துவிட்டது.

"ஆறு" என்றாள்.

"ஆறா? இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குமா?"

"தெரியலை சார். ஆனா ஏழுன்னா அதுக்கு மேல இல்லைன்னு அர்த்தம். நான் இன்னும் எல்லாத்தையும் மோந்து பார்த்துடலையே."

வேறு வழியில்லாமல் அவர் ஆறு வரைக்கும் கோட்டை முழுதாகப் போட்டு, ஆறிலிருந்து ஏழுக்குப் புள்ளி புள்ளியாகப் போட்டார். கட்டுரை வெளிவந்தது. கடல் கடந்து பாராட்டு வந்தது, அதுவும் குறிப்பாக அந்தப் புள்ளிக் கோட்டுக்கு. கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டாத நேர்மையாம். மோந்தவள் ஒருத்தி, நேர்மை மட்டும் இன்னொருவருடையது. அந்தப் பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பித்தளை தனித் துறை கேட்டார். கிடைத்தது.

பிறகு பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கொஞ்சம் வெட்கம் இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை. அளப்பதெல்லாம் உளவியலுக்கு, சிந்திக்க உதவுவதெல்லாம் தத்துவத்துக்கு என்று ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். சாய்வு நாற்காலி தத்துவத்துக்குப் போயிற்று, அதில் தகராறில்லை. சுவர்க் கடிகாரம் அளப்பதால் உளவியலுக்கு. அதன் பிறகு தத்துவ வகுப்புகள் எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று. மின்விசிறிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கச் சண்டை. காற்றை அது தருகிறதே தவிர அளக்கவில்லை என்றார் சாய்வு நாற்காலி. அதன் சுவிட்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறதே என்றார் பித்தளை. பித்தளை ஜெயித்தார். இரண்டாகக் கழற்றி மாட்டும் களிமண் மூளை ஒன்று இருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். டைப்ரைட்டரில் எண்கள் இருந்ததால் அது உளவியலுக்குப் போயிற்று, கூடவே நானும் போனேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா டீயோடு உள்ளே வந்தாள்.

"தண்ணி பிடிக்கிற அம்மா எங்க ஆள்" என்றார் சாய்வு நாற்காலி. "எங்க துறையில உதவியாளர் இடம் ஒண்ணு நிரந்தரமா காலியா இருக்கு. அதுல இவங்களைப் போடறதா இருக்கேன்."

இது அன்பினால் இல்லை. அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் புட்டிகள் அநாதையாகிவிடும் என்ற கெட்ட எண்ணம்தான். ஆனால் இடம் நிஜமான இடம், அட்டை நிஜமான அட்டை. அக்கா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அவங்க ஆள் இல்ல சார். கருவி" என்றார் பித்தளை. "அளக்கிறது எல்லாம் எங்களுக்குன்னு இப்பதானே ஒத்துக்கிட்டீங்க?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். சாய்வு நாற்காலியும் சிரித்தார், வாதம் அவருக்குப் பிடித்திருந்தது போல. விதிப்படி அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். நான் டைப் அடித்தேன். அக்கா ஒவ்வொருவர் முன்னாலும் டீயை வைத்துவிட்டு வெளியே போனாள்.

அப்புறம் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன். "ஏங்க்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கருவி எங்கம்மா பேசும்?" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

பித்தளை அவளைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். "அங்க போனா தண்ணிதான் பிடிப்ப. இங்க இரு. துறை நிலைச்சதும் முதல் இடம் உனக்குத்தான்." அவள் நம்பினாள். அன்றிலிருந்து அவளுடைய கூலி கருவிப் பராமரிப்புச் செலவில் வந்தது. ஊசலுக்கு எண்ணெய், உருளைக்குக் காகிதம், அக்காவுக்குக் கூலி.

துறை நிலைத்தது. இடங்களும் வந்தன. முதல் இடம் பித்தளையின் மச்சினன் மகனுக்குப் போயிற்று. அடுத்தது முதல்வர் வீட்டு ஓட்டுநரின் தம்பிக்கு. ஒவ்வொரு முறையும் "அடுத்தது உனக்கு" என்பார். அவள் தலையாட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கட்டிக்கொள்வாள். மகள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போனாள். கணவர் பட்டறை வேலையிலிருந்து நின்றார். அக்காவின் தலை நரைத்தது. மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

பித்தளை ஓய்வு பெற்றும் போகவில்லை. கௌரவப் பேராசிரியர் என்று ஒரு அறையும் அந்த மின்விசிறியும் வைத்துக்கொண்டார். புதுத் தலைவராக வந்தவர் எலியைச் சந்துபொந்துகளில் ஓடவிட்டுப் பட்டம் வாங்கியவர். அவருக்கு எலிக்காரர் என்று பெயர் வைக்க மாணவர்கள் சிரமப்படவே இல்லை. வந்த முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "உள்ள என்ன தோணுதுன்னு ஒருத்தர் சொல்றதெல்லாம் அறிவியலே கிடையாது. வெளிய தெரியறதை மட்டும் பாருங்க. எலி பொய் சொல்லாது." ஆக, மனதை அளப்போம் என்று சண்டை போட்டுப் பிரிந்து வந்த துறை, வந்து சேர்ந்த இடத்தில் மனம் என்று ஒன்று கிடையாது என்றது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தத்துவத்தில், கொண்டாட்டம். மனசே இல்லாத துறைக்குத் தனித் துறை எதற்கு, திரும்பி வரட்டும் என்று, தானும் ஓய்வு பெற்றுவிட்ட சாய்வு நாற்காலி பல்கலைக்கழகத்தில் மனுக் கொடுத்தார். அவர்களுடைய அறிவியல் ஒரு அம்மாவின் மூக்கில் தொங்குகிறது என்று போகிற இடமெல்லாம் சொன்னார். விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். எலிக்காரருக்குத் துறை போய்விடுமோ என்று பயம். பழையதைத் தலைமுழுகிவிட்டோம் என்று காட்டியாக வேண்டும். பித்தளைக் கருவிகளைக் கழித்துக்கட்டலாம். மூக்கக்காவை என்ன செய்வது?

அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்ன முதல் தலைவர் அவர்தான், அதுவும் காரியத்துக்காக.

"எலிக்கூண்டு பார்த்துக்க நிரந்தர இடம் ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்கே தர்றேன். ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் உண்டு. கமிட்டி முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். அந்த நம்பரெல்லாம் அப்பப்ப வாயில வந்ததைச் சும்மா சொன்னதுன்னு."

அன்று மாலை அவளோடு நானும் வீட்டுக்குப் போனேன். கணவர் சுவரில் சாய்ந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை. விஷயத்தைக் கேட்டார்.

"சொல்லிடேன். யாருக்கு என்ன நஷ்டம்? செத்த எலிக்கு ஒரு நம்பர் குறைஞ்சா, எலி வந்து வழக்கா போடப்போகுது?" என்றார்.

"நான் சும்மா சொல்லலையே."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

இருமல் வந்துவிட்டது. அக்கா கிண்ணத்தைப் பிடித்தாள், துடைத்துவிட்டாள், கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வந்து உட்கார்ந்து சொன்னாள்: "பழைய தலைவர், அந்தப் பெரியவரும் கமிட்டி முன்னாடி வர்றார். இந்தம்மா இத்தனை வருஷமா உண்மையைத்தான் சொன்னா, இவளுக்கு ஒரு இடம் கொடுங்கன்னு அவர் சொன்னா, நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. நான் சொன்னது நிஜம்னு அவரை விட யாருக்குத் தெரியும்?"

"அவர் சொல்லலைன்னா?" என்றார் கணவர்.

"சொல்லாம இருப்பாரா?" என்றாள்.

எலிக்காரர் பித்தளையிடமும் தனியாகப் பேசிவிட்டார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வாயை அடக்கினால் அறையும் மின்விசிறியும் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் போகும். பெரிய மனிதர்களை வாங்க ஒரு மின்விசிறி போதும்.

கமிட்டி வந்தது. தலைவர் வேதியியல்காரர், பொறுமையில்லாத ஆள். சாய்வு நாற்காலி தடியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் கழிப்பதற்காகப் பித்தளைச் சாமான்களைக் குவித்திருந்தார்கள், நடுவில் அந்தப் பழைய நாற்காலி. அக்கா கதவோரம் நின்றாள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

எலிக்காரர் பேசி முடித்ததும் கமிட்டித் தலைவர் பித்தளையைப் பார்த்தார். "இந்தம்மா சொன்ன எண்களை நம்பலாமா? நீங்கதானே அதை வச்சு இந்தத் துறையையே வாங்கினீங்க?"

பித்தளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"அந்தக் காலத்துல எங்களுக்குத் தெரிஞ்ச முறை அது. இவங்க படிப்பில்லாதவங்க. நான் எதை எதிர்பார்க்கிறேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"கண்ணைக் கட்டியிருந்தீங்களே சார்" என்றாள் அக்கா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னாள். சாய்வு நாற்காலிகூட ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அந்த அறையிலிருந்த அத்தனை படித்த முகங்களின் மேலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கமிட்டித் தலைவருக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை வந்துவிட்டது. "இப்பவே ஒரு தடவை செஞ்சு பார்த்துடலாமே" என்றார். எலிக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் கழுவி, என் கண்ணெதிரே குழாயில் தண்ணீர் பிடித்து மூடினார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியை அவளே கட்டிக்கொண்டாள், எத்தனையோ வருடப் பழக்கம். "நீங்களே கேளுங்க, உங்க முறைப்படி" என்று பித்தளையிடம் புட்டியைக் கொடுத்தார்கள். அவர் எழுந்து வந்து குனிந்து, அவள் மூக்கருகே மூடியைத் திறந்தார். அவர் முகமும் அவள் முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன.

"என்ன தோணுது?" என்றார்.

அக்கா நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"தொண்டைக்குழியில இறுக்கம். வயித்துல புரட்டல். வந்து போகலை, நிக்குது. தோல் கூசுது. விருப்பமில்லை" என்றாள். "ஏழு."

என் விரல் டைப்ரைட்டரில் நின்றுவிட்டது. பித்தளை புட்டியை மூடாமலேயே நிமிர்ந்தார்.

எலிக்காரர் சிரித்தே விட்டார். "பார்த்தீங்களா? வெறும் தண்ணி! தண்ணிக்கு ஏழு!"

"தண்ணியில என்னம்மா இருக்கு, ஏழு சொல்ற அளவுக்கு?" என்றார் கமிட்டித் தலைவர்.

"பொருளைச் சொல்லக் கூடாது சார். உள்ள என்ன நடக்குதோ அதை மட்டும்தான் சொல்லணும். இந்த நாற்காலியோட சட்டம் அது" என்று சொல்லித் துணியை அவிழ்த்து, மடித்து, நாற்காலியின் கையில் வைத்தாள்.

பயன்பாட்டுக்கு உதவாது என்று முடிவு செய்தார்கள், இசைக்கவைகளுக்கும் ஊசலுக்கும் அவளுக்கும் சேர்த்து. பழைய முறையை விட்டொழித்த நவீன அறிவியல் என்று பாராட்டி, உளவியல் தனித் துறையாகவே தொடரலாம் என்றார்கள். எலிக்கூண்டு வேலை வேறு யாருக்கோ போயிற்று. அட்டையும் அதோடு போயிற்று. அக்காவின் கணவர் பொது மருத்துவமனையின் வராந்தாவில், பாயில், அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. அக்கா, மகள் வீட்டோடு போய்விட்டாள்.

ஆனால் அந்த நாளில் இன்னும் ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்து அவள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். நானும் கூடவே போனேன். பித்தளை பின்னாலேயே ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அம்மா, என்னைத் தப்பா எடுத்துக்காதே. எனக்கு வேற வழி..."

அக்கா நின்று திரும்பினாள். அவரை முழுதாக ஒரு முறை பார்த்தாள். புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருடத்தில், எந்தப் புட்டிக்கும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் புள்ளிக் கோட்டை இனிமே முழுசாப் போட்டுக்கலாம் சார்" என்றாள். "ஏழு கிடைச்சாச்சு."